ஆழ்துளைக் கிணறு தரும் முன்னறிவிப்புகள்

(பொம்மனஹள்ளியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தப் பொம்மனஹள்ளி 2007இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதியாகும். எல்லை விரிந்த வேகத்தில் காவிரிக் குழாய்கள் விரியவில்லை. புதிதாகச் சேர்ந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்கள் தம் சேமிப்பிலிருந்து தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளையே நம்பி வாழ்ந்தன. 2024 மார்ச்சில் நகரில் ஏறத்தாழ 7,000 கிணறுகள் வறண்டுவிட்டதாக மாநிலத் துணை முதலமைச்சர் அறிவித்தார். தம் வீட்டுக் கிணறும் அவற்றைப் போலவே வறண்டதாகக் கூறினார்.

எங்கள் வீட்டுக் கிணறும் அந்த மார்ச்சில்தான் ஓய்ந்தது. ஆயினும், அது திடீரென்று ஓய்ந்ததாகச் சொன்னால் உண்மைக்குப் புறம்பாகும். 2023இல் மழை பொய்த்தது. டிசம்பரிலேயே குழாயில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து சீறிக்கொண்டு வந்தது. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர் மோட்டார்தான் கெட்டுவிட்டது என்றார். காயில் சுற்றினோம், பிறகு புது மோட்டாரே வாங்கினோம். பொருளாதாரம் படித்த நானும், பழுது இயந்திரத்திலா நீரிலா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த வேறுபாட்டை அறிய ஒரு கடிகாரமும் குறிப்பேடும் போதும். 1,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி 40 நிமிடங்களில் நிரம்பினால், நிமிடத்திற்கு 25 லிட்டர் கிடைக்கிறது. அதே தொட்டி நிரம்ப 70 நிமிடங்களானால் வரத்து 14 லிட்டராகக் குறைந்துவிட்டது என்று பொருள். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் இழுக்குமெனக் கொண்டால், கூடுதலான அந்த அரை மணி நேரத்திற்கே மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட யூனிட்டுகள் செலவாகும். மின் கட்டணச் சீட்டும் ஓர் அறிகுறிதான்; நாம் அதை அவ்வாறு படிப்பதில்லை.

அடுத்து, வரத்து எப்போது குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் நன்றாக வந்து, கால் மணி நேரத்தில் தளர்ந்து, காற்றுடன் சீறி, சில மணி நேரம் ஓய்வளித்தால் மீண்டும் நன்றாக வருமானால், ஊற்று பம்பின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை எனலாம். அப்போது ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள ஆம்பியர் முள்ளும் இறங்கும். மாறாக, ஓய்வளித்தும் பயனின்றித் தொடக்கம் முதல் ஒரே சீராகக் குறைவாக வந்தால் பம்பின் தேய்மானம், குழாயில் ஓட்டை, குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றை ஐயுறலாம். நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்தாலும் இப்படி நேரலாமாதலால், கயிற்றளவி கொண்டு மட்டத்தைப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

ஊற்று குறைந்தது என்று தெரிந்ததும், ‘இன்னும் ஆழமாகத் துளையிடுவோம்’ என்பதே பலரது முடிவு. பெங்களூருக்கு அடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். நீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது; ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறைகின்றன. நூறு அடி கூடுதலாகத் துளைத்தால் செலவு உறுதி; நீர் உறுதியல்ல. கிடைத்தாலும் அது பக்கத்து வீட்டுக் கிணற்றின் பங்காக இருக்கக்கூடும்! பம்பை நேர இடைவெளி விட்டு இயக்குவதும், கூரை மழைநீரை வடிகட்டிக் கிணற்றருகே இறக்குவதும் செலவு குறைந்த வழிகள்.

நீரின் தன்மையைப் பற்றிச் சில சொற்கள். இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்தபின் சிவந்தால் அது கரைந்த இரும்பு. மணல் விழுந்தால் பம்பு விரைவில் தேயும். மழை பெய்த மறுநாள் நீர் கலங்கி நாற்றம் வீசினால் அதனைச் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது. மேல்மண் பகுதியைக் காக்கும் உறைக்குழாய் விரிசல் கண்டோ, பாறையில் சரியாகப் பதியாமலோ இருந்தால், அருகிலுள்ள கழிவுநீர்த் தொட்டியின் கசிவு உள்ளே இறங்குகிறது. அதனுடன் வரும் நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் அகலாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டினர் இந்த ஒரு சோதனையையாவது செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது தொட்டி நிரம்பும் நேரத்தை ஞாயிறுதோறும் என் மனைவி நாட்காட்டியில் குறித்து வருகிறார். சென்ற வாரக் கணக்கு 46 நிமிடங்கள்.