புகைக்குழாய்க்கு ஒரு மூடி



வேலை இல்லாமல் நிற்கும் டிராக்டரைக் கவனித்திருப்பீர்கள். எஞ்சினுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவோ கொட்டாங்குச்சியோ கவிழ்த்திருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க வைத்தது அது. அதை வைக்க மறந்ததால் எங்கள் வீட்டு டிராக்டர் பட்ட பாட்டை இன்று சொல்லப் போகிறேன்.

வண்டி பெரியப்பாவுடையது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து நம் வயல்களுக்குப் பழகிப்போன சிவப்பு வண்டி. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். பெரியப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும் வண்டி கொட்டகைக்குப் போனது. கொட்டகையின் கீற்று பிய்ந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்று ஐப்பசி அடைமழை அதன் தலையிலேயே கொட்டியது.

நாலாம் வருஷம், நடவுக்கு முன்னால், புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ‘டொக்’ என்று ஒரே சத்தம். ஃப்ளைவீல் அசையவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டறைப் பேச்சில் சொன்னால், ஜாம்.

கியரில் போட்டு இன்னொரு டிராக்டரை விட்டு இழுக்கலாம் என்றார்கள் பக்கத்து வயல்காரர்கள். மெக்கானிக் அண்ணன் தடுத்துவிட்டார்.

“இழுத்தா ஒண்ணு பிஸ்டன் விட்டுக்கொடுக்கும், இல்லே ராடு வளையும். எது முந்தும்னு உனக்குத் தெரியுமா தம்பி? ஏன் பிடிச்சுதுன்னு மொதல்ல பாப்போம். அது தெரியாம கழட்டி மாட்டுனா மறுபடியும் பிடிக்கும்.”

எஞ்சின் பிடிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, ஆயில். உள்ளே சுழலும் கிராங்க், பேரிங்கைத் தொடுவதே இல்லை. முடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. ஆயில் வற்றினால் பேரிங்கின் மெத்தென்ற உலோகம் உருகி கிராங்கைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது, சூடு. பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் லைனர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்துபோனால் பிஸ்டன் பெருத்து லைனரில் இறுகிவிடும். மூன்றாவது காரணம் ஓடும்போது வருவதில்லை, சும்மா நிற்கும்போது வருவது. துரு.

அண்ணன் முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது கறுப்பாக, அளவாக இருந்தது. ரேடியேட்டரும் நிறைந்திருந்தது. கடைசியாகப் புகைக்குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது.

மூன்று சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், அநேகமாக ஏதாவது ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தே இருக்கும். குழாயில் இறங்கிய மழை அந்த வழியாகத்தான் உள்ளே போகும். ஆகவே மூன்றும் கெட்டிருக்காது, ஒன்றுதான் கெட்டிருக்கும் என்றார்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்கள் மூன்றையும் கழற்றி, அந்தத் துவாரங்கள் வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினோம். ஐந்து நாள் ஊறியது. ஆறாம் நாள் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய ஓட்டை வழியாக ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று நெம்பினார். நூலளவு அசைந்தது. அரை மணியில் ஒரு முழுச் சுற்று வந்தது. நாசில் துவாரங்களிலிருந்து ஆயில் பீறிட்டுக் கீற்றில் அடித்தது. அந்தத் துவாரங்களை மூடி வைத்துச் சுற்றியிருந்தால், அமுக்க முடியாத ஆயிலில் பிஸ்டன் முட்டி ராடு வளைந்திருக்கும்.

சுற்றுகிறதே, ஸ்டார்ட் பண்ணலாமே என்றேன். கூடாது என்றார். இந்த வகை வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. எஞ்சினேதான் முதுகெலும்பு. அதனால் அடியில் கட்டைகளை அடுக்கி, வண்டியை இரண்டாகப் பிரித்து எஞ்சினை இறக்கினோம். ஹெட்டைத் தூக்கியதும் தெரிந்தது: ஒன்றும் மூன்றும் சுத்தம், இரண்டாம் சிலிண்டரில் மட்டும் வளையம் போட்டதுபோல் துரு. அண்ணன் அதன்மேல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினார். நகம் தட்டியது. தட்டினால் லைனரை மாற்றித்தான் ஆகவேண்டும்.

பிஸ்டன்களை எடுக்கும் முன் ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் அதன் மூடியிலும் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தினார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. ராடையும் மூடியையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள். ஜோடி மாறினால் பேரிங் சரியாக உட்காராது.

லேத் பட்டறையில் லைனர் மாற்றிக் கொடுத்தார்கள். பிஸ்டனைச் சுற்றி உட்காரும் புது ரிங்கை அண்ணன் நேரே மாட்டிவிடவில்லை. லைனருக்குள் தனியாக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார். 90 மில்லிமீட்டர் சுமாருள்ள சிலிண்டருக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொள்ளும், எஞ்சின் மறுபடியும் பிடிக்கும். ஒரு பிடிப்பை எடுக்கப்போய் இன்னொரு பிடிப்பை நாமே மாட்டிவிட்ட கதையாகும்.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். கைப்பம்பை அடித்து டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்தார். முதலில் நுரை வந்தது, பிறகு தெளிந்த டீசல். எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை காத்திருந்தார். அதற்கப்புறம்தான் கம்பியை விட்டார்.

வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அடங்கியது. திண்ணையில் இருந்த பெரியப்பா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “மூணும் பேசுதுடா” என்றார்.

உங்கள் வீட்டிலும் வண்டி சும்மா நின்றால், மாதம் ஒருமுறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். ஆயிலும் தண்ணீரும் பாருங்கள். எங்கள் கொட்டகைத் தூணில் இப்போது இரண்டு ஆணிகள். ஒன்றில் துருப்பிடித்த பழைய ரிங் தொங்குகிறது. இன்னொன்று டப்பாவுக்கு. வண்டி வயலில் ஓடும்போது டப்பா ஆணியில் இருக்கும். வண்டி வீடு வந்துவிட்டால் அந்த ஆணி காலியாக இருக்க வேண்டும். பெரியப்பா தினமும் சாயங்காலம் பார்ப்பது அதைத்தான்.