கட்டளைகளை எழுதி வைப்போம்



இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்று, இன்று மென்பொருள் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் நாள்தோறும் செய்யும் தொழிலிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கத்தக்க மூலநிரல். சி போன்ற மொழியில் எழுதிய கோப்புகளைக் கம்பைலர் ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாற்றும். பின்பு அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும், சோதிக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொதியாகக் கட்ட வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'பில்டு' என்கிறோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டளை தட்டச்சு செய்யப்பட வேண்டும். வரிசை பிறழ்ந்தாலோ, ஒன்று விடுபட்டாலோ, வேலை கெட்டது.

2011ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய நிறுவனத்தில் இந்தப் படிகள் பத்தொன்பது. பத்தொன்பதும் ஒரே ஒரு மூத்தவரின் நினைவில் இருந்தன. அவருடைய தந்தையார் மறைந்து, அவர் ஊருக்குச் சென்ற மறுநாள், வாடிக்கையாளருக்கு மென்பொருள் அனுப்ப வேண்டிய கெடு வந்து சேர்ந்தது. ஈமக்கடன் நடந்து கொண்டிருந்த இடத்திற்கே தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, எட்டாவது கட்டளை என்ன?" என்று கேட்டவன் நான்தான். அவர் சினமின்றிச் சொன்னார். ஆறு மாதங்களாக அவர் அருகிலேயே அமர்ந்திருந்தும், கேட்டால் அறியாதவன் என்று எண்ணுவாரோ என அஞ்சி, அவரிடம் ஒன்றையும் நான் கேட்டறியவில்லை. அந்த நாணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

அன்றிரவே பத்தொன்பது கட்டளைகளையும் வரிசையாக ஒரு கோப்பில் எழுதினேன். இதுவே ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படுவது. கோப்பின் பெயரைக் கூறினால், கணிப்பொறி மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தானே நிறைவேற்றும். ஆனால் முதல் வாரத்திலேயே அது என்னை ஏமாற்றியது. கம்பைலர் பிழை கண்டு நின்றுவிட்டது. ஸ்கிரிப்டோ அதனைப் பொருட்படுத்தாமல் அடுத்த கட்டளைக்குச் சென்று, பழைய கோப்பையே பொதியாகக் கட்டி, 'முடிந்தது' என்று அறிவித்தது! ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுழியம் என்றால் வெற்றி; வேறு எண் என்றால் தோல்வி. தோல்வி வந்த இடத்திலேயே நிற்க வேண்டுமென்று ஷெல்லுக்கு நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் அது நிற்காது.

இத்தகைய ஏமாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்னும் அறிஞர், சரியாகவே இருந்த நிரலில் ஒரு காலைப்பொழுது முழுதும் பிழை தேடினார். பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பைக் கம்பைலருக்குத்தான் கொடுக்கவில்லை. அவர் நொந்துபோய்த் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் முறையிட, ஃபெல்ட்மன் அந்த வார இறுதியிலேயே 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார்.

மேக் செய்வது யாது? எது எதனைச் சார்ந்தது என்பதை ஒரு கோப்பில் எழுதித் தருகிறோம். அது கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, மாறியதையும் அதனைச் சார்ந்ததையும் மட்டுமே புதிதாகச் செய்கிறது. சட்னி சரியில்லை என்றால் சட்னியைத்தானே மீண்டும் அரைப்போம், இட்லிமாவையுமா அரைப்போம்? (கணிப்பொறியின் கடிகாரம் பிழைபட்டால் மேக்கும் பிழைபடும் என்பதையும் நினைவிற் கொள்க.)

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேக் கோப்பில் கட்டளை வரியை 'டேப்' குறியால்தான் தொடங்க வேண்டும். வெற்றிடங்களை இட்டால் ஏற்காது. இது இடர் தரும் என்பது ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொல்லை தரலாகாதென்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவர்க்குக் காட்டிய தாட்சண்யத்தின் பயனைப் புதிதாகக் கற்போர் இன்றும் அனுபவிக்கிறார்கள்! அக்கருவிக்காகவே அவருக்கு ஏ.சி.எம். அமைப்பின் 2003ஆம் ஆண்டு மென்பொருள் விருது வழங்கப்பெற்றது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் வேலையிற் சேரும் முதல் வாரத்தில், "பில்டு செய்யும் ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். இருந்தால் திறந்து வரி வரியாகப் படியுங்கள். இல்லையென்றால் எழுதும் பொறுப்பை நீங்களே ஏற்றுக் கொள்ளுங்கள். மூலநிரல் இருக்கும் இடத்திலேயே அதனையும் வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

காரியம் முடிந்து பணிக்குத் திரும்பிய அந்த மூத்தவர், என் ஸ்கிரிப்டைப் பொறுமையுடன் படித்தார். பதினான்காம் வரியில் ஒரு பிழையைச் சுட்டித் திருத்தினார். பின்னர், தாம் மறந்துவிட்டிருந்த இருபதாவது கட்டளை ஒன்றையும் நினைவு கூர்ந்து, தம் கையாலேயே அடியில் சேர்த்தார்.