குழலிலிருந்து வாய்க்கு



ஒரு மிடறு பால் உள்ளே செல்வதற்கு மூன்று செயல்கள் முறை பிறழாமல் நிகழ வேண்டும். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், விழுங்கும் நொடியில் மூச்சை அடக்கிப் பின்னர் விட வேண்டும். தொண்டையில் உணவுக்கும் காற்றுக்கும் வழி ஒன்றே. தாளம் பிசகினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

கருவிலுள்ள சிசு நான்காம் திங்களிலேயே பனிக்குட நீரை விழுங்குகிறது. ஆயின், அங்கே காற்றை உள்ளிழுக்க வேண்டிய தேவை இல்லை. மூன்றையும் இணைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 32 முதல் 34 வாரங்களில்தான் உருவாகிறது. செம்மையுற மேலும் சில வாரங்கள் ஆகும். 37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 28 வாரத்தில் பிறந்த மகவுக்கு உணவு வேண்டும். அருந்தும் ஆற்றலோ இல்லை.

1880களில் பாரிஸ் நகரின் மகப்பேற்று மருத்துவர் தார்னியே, வெப்பப் பெட்டியில் வைத்துக் காத்த குழந்தைகளுக்கு மெல்லிய குழல் வழியே இரைப்பைக்குப் பால் செலுத்தினார். இன்றும் அடிப்படை அதுவே.

குழலை எப்போது அகற்றுவது? இதுதான் கடினமான வினா. குழல் போனால் வீடு திரும்பலாம் என்று குடும்பத்தார் துடிப்பர்; அது இயல்பே. ஆனால் வயதை மட்டும் பார்த்துக் கையில் எழுதுகோலைத் திணித்தால் எழுத்து வாராது என்பதை ஆசிரியத் தொழிலில் நான் நாள்தோறும் கண்டேன். விரல் ஆயத்தமாக வேண்டும். இங்கும் நாட்காட்டியைக் காட்டிலும் குழந்தையே நல்ல சாட்சி. விழித்திருக்கிறதா? கையை வாய்க்குக் கொண்டுபோகிறதா? தலையைத் திருப்பி, வாய் திறந்து தேடுகிறதா? எனில் தொடங்கலாம். உதடு நீலம் பாய்ந்தாலும், இதயத் துடிப்புத் தாழ்ந்தாலும், விரல்களை விரித்து விறைத்தாலும், சோர்ந்து கண் அயர்ந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். மீதிப் பாலைக் குழல் ஏற்றுக்கொள்ளும். அதில் தோல்வி ஏதுமில்லை.

ஆயத்தப் பயிற்சியும் உண்டு. குழல் வழியே பால் இறங்கும் வேளையில், பால் பீச்சி எடுக்கப்பட்ட தாயின் மார்பையோ சூப்பானையோ குழந்தை சுவைக்க விடுவர். இவ்வாறு சுவைத்த குழந்தைகள் விரைவில் வாயால் அருந்தத் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கிடத்தும் முறையைத் தொடங்கினார். கங்காருவின் பெயரால் வழங்கும் அம்முறை வெப்பத்தைத் தருவதுடன் தாய்ப்பால் ஊட்டவும் துணைசெய்கிறது.

நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையும் இந்திய மருத்துவமனைகளில் இடம்பெற்றிருக்கிறது. மூக்குள்ள அச்சிறு கலத்தைக் கழுவுவது எளிது. புட்டியின் ரப்பர்க் காம்புக்குக் குழந்தை பழகிப் போவதுமில்லை. ஆனால் வீடுகளில் சிலர் செய்வதுபோல் மடமடவென ஊற்றலாகாது! உதட்டோரம் கலத்தை வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த துளி.

முதலில் நாளுக்கு ஒரு வேளை வாய்வழி. பின்னர் இரண்டு, மூன்று. நாள்தோறும் எடை பார்க்கப்படும். எல்லா வேளையும் வாயால் அருந்தி, எடையும் ஏறிவரின், செவிலியர் கன்னத்துப் பிளாஸ்திரியை நனைத்து மெல்ல உரித்துக் குழலை வெளியே எடுக்கிறார்.