கரண்டு போன கணக்கு

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கமெல்லாம் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், லயமே இருண்டு விடும். "கரண்டு அடிக்கடி போகுதுங்க" என்று முறைப்பாடு சொல்லப் போகிறோம். "எத்தனை தரம்? எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் நமக்குப் பதில் வராது.

உலகமெங்கும் மின்சார நிறுவனங்களை அளப்பது இந்த இரண்டு கேள்விகளால்தான். ஒரு வருடத்தில் ஒரு பாவனையாளருக்குச் சராசரியாக எத்தனை தரம் கரண்டு நின்றது என்பது 'சைஃபி'. மொத்தம் எத்தனை நிமிடம் நின்றது என்பது 'சைடி'. இரண்டும் வேண்டும். பத்துப் பத்து நிமிடமாகப் பத்துத் தரம் நின்றாலும், ஒரே தரத்தில் நூறு நிமிடம் நின்றாலும் மொத்தம் ஒன்றுதான். ஆனால் பெக்டரி மெஷினுக்கு முதலாவது கேடு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது கேடு.

சராசரியில் ஒரு மறைவும் இருக்கிறது. ஒரு லைனில் 1,000 வீடுகள் என்று வைப்போம். கடைசியில் உள்ள 50 வீடுகளுக்கு மட்டும் 10 மணித்தியாலம் கரண்டு இல்லை. 1,000 வீட்டுக்கும் பங்கு போட்டால் வீட்டுக்கு 30 நிமிடம்தான்! நம்முடைய பத்து மணித்தியால இருட்டு அரை மணித்தியாலமாகச் சுருங்கி விடுகிறது. ஒரே மீட்டரில் பல காம்பராக்கள் இருந்தால், அத்தனை குடும்பமும் கணக்கில் ஒரே பாவனையாளர்தான்.

கண்டி டவுனோடு நம் மலையை ஒப்பிடும்போதும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக உள்ள முறையில் 5 நிமிடம் வரையான தடை இந்தக் கணக்கில் சேராது. பிரித்தானியாவில் எல்லை 3 நிமிடம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் கரண்டு நின்றதே, அப்படிப்பட்ட நாளைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மின் சேவையின் தரத்தைக் கவனிப்பதும் அதன் வேலை. அங்கே போனாலும் ஆதாரம் வேண்டுமே!

ஆகவே நாம் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். லயத்துக்கு ஒரு கொப்பி. திகதி, போன நேரம், வந்த நேரம், எத்தனை வீடு என்று நாலு கோடு. ஓ.எல். படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோவும் குறையாமல் பார்க்கிறோம் அல்லவா? இருட்டையும் அப்படியே நிறுத்துக் காட்டுவோம்.