காஞ்சி நகரும் கோர்வைத் தறியும்



சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்கு யாத்திரை செல்வோர் பெரும்பாலும் ஒரே நாளில் மீண்டுவிடுகின்றனர். காலையில் காமாட்சியம்மன் தரிசனம், பின்னர் ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள். புறப்படுமுன் அவசரமாக ஒரு பட்டுப் புடவை. நண்பகலில் திருக்கோயில்களின் நடை சாத்தியதும் என்ன செய்வதென்று அறியாமல் நிழல் தேடி அமர்ந்திருப்பாரும் உளர். காஞ்சியின் சிறப்பிற் பாதி அந்த நண்பகலில்தான் விழித்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார்.

முதலிற் காணத்தக்கது கயிலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்றளி இது. திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. சிலவற்றில் பழைய ஓவியங்களின் எச்சம் இன்றும் தெரிகிறது. பல்லவரின் பகைவனான சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோது இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தி இக்கோயிலின் தூணொன்றில் கன்னடக் கல்வெட்டாக நிற்கிறது. வென்றவனையும் பணியவைத்த கலையழகு அது. பல்லவர் வரலாற்றைச் சிற்பத் தொடராகக் காட்டும் வைகுந்தப்பெருமாள் கோயிலையும் கண்டு செல்லுதல் நலம்.

காஞ்சியின் உணவும் கோயிலோடு பிறந்ததே. வரதராசர் திருக்கோயிலில் நிவேதிக்கப்பெறும் இட்டிலி, நம் இல்லங்களில் தட்டில் வார்ப்பதன்று. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் முதலியன சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைப்பர். இலையின் மணமும் சுக்கின் காரமும் கூடிய அதன் சுவையை உண்டவரே அறிவர்.

இனி, நெசவு. அனந்தசரசு திருக்குளத்தினின்று அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்குப் பின் 2019இல் வெளிப்பட்டு, 48 நாள் காட்சி தந்தபோது, நாள்தோறும் வண்ண வண்ணப் பட்டு சாத்தப்பெற்றதை இலட்சக்கணக்கானோர் கண்டனர். பட்டைக் கண்டனர், தறியைக் கண்டவர் எத்தனை பேர்?

கோர்வை என்பது காஞ்சி நெசவின் உயிர்நாடி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வோர் இழையிலும் உடலின் ஊடையைக் கரையின் ஊடையோடு கோத்து நெய்கின்றனர். ஆகவே ஒரு தறிக்கு இருவர் வேண்டும். நெசவாளர் ஒருபுறம் அமர, மறுகரையின் நாடாவை வாங்கி விட மற்றொருவர்.

முற்காலத்தில் அந்த மற்றொருவர் பெரும்பாலும் சிறுவரே. வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பர். பெற்றோர் பட்ட கடனுக்காகத் தறியில் விடப்பட்ட பிள்ளையாகவும் இருப்பர். பட்டின் பளபளப்பைப் பேசுவோர் இதனை மறைத்தல் முறையன்று. இன்று பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. ஆயின் அவ்விடத்தை நிரப்ப வளர்ந்த ஓர் ஆளை அமர்த்தினால், ஒரு புடவையின் கூலி இரு குடும்பங்களுக்குப் பிரிகிறது. மனைவியே துணை அமர்ந்தாலும், அந்த உழைப்புக்குத் தனிக் கூலி உண்டா? கோர்வைத் தறிகள் குறைந்துவருவதன் காரணம் இதுவே. இதற்கிடையே, 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயரால் விசைத்தறிப் புடவைகளும் விற்கப்படுகின்றன.

வாங்குவோர் புடவையைத் திருப்பி, உடலும் கரையும் கூடுமிடத்தை நோக்கவேண்டும். கோர்வையாயின் இரு நிற இழைகளும் ஒன்றையொன்று பற்றியிருத்தல் பின்புறத்தில் தெரியும். விலை மிகுதி என்று முகஞ்சுளிக்குமுன், அந்த இணைப்பில் இருவர் கைகள் எத்தனை நாள் உழைத்தன என்று வினவுதல் தகும்.

தறியை நேரிற் காண விழைவோர், நடை சாத்திய பொழுதில் பிள்ளையார்பாளையத் தெருக்களுக்குச் சென்று, வீட்டாரின் அனுமதி பெற்றுக் காணலாம். தெருவில் பாவு ஓட்டுவதையும் காணவேண்டுமாயின் முந்தின இரவே காஞ்சியில் தங்கிவிடல் வேண்டும்; வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிவிடுவர்.