குளிக்க ஓர் இடம் கேட்டார்கள்

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாம், அமெரிக்கப் படகோட்டி ஒருவரின் கதையை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். பொறுத்துக் கேளுங்கள், இது நம் கதையும்தான்.

அவர் பெயர் ஜின்னி கில்டர். நியூயார்க் பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டியவரின் மகள். 1975ல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளநிலைப் படிப்புக்குப் பெண்களை அங்கே சேர்க்கத் தொடங்கியதே 1969ல்தான். கில்டர் படகுக் குழுவில் சேர்ந்து துடுப்புப் பிடித்தார்.

ஆண்களும் பெண்களும் ஒரே ஆற்றில்தான் பயிற்சி செய்தார்கள். குளிர் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பயிற்சி முடிந்ததும் ஆண்கள் படகுத்துறைக் கட்டடத்தில் வெந்நீரில் குளித்தார்கள். பெண்களுக்கு அங்கே குளியலறை கிடையாது. ஆண்கள் குளித்து வரும்வரை ஈர உடையோடு பேருந்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டம் இல்லையா? இருந்தது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் காட்டக் கூடாது என்று 1972லேயே 'ஒன்பதாம் தலைப்பு' என்ற சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஏட்டில் இருந்த சட்டம் படகுத்துறைக்கு வந்து சேரவில்லை.

1976 மார்ச் 3. கிரிஸ் எர்ன்ஸ்ட் என்ற தலைவி உட்பட 19 பெண்கள் பெண்கள் விளையாட்டுப் பிரிவு அதிகாரியின் அறைக்குள் போனார்கள். கில்டரும் அவர்களில் ஒருவர். உடையைக் களைந்து நின்றார்கள். உடம்பில் அந்தச் சட்டத்தின் பெயரை மையால் எழுதியிருந்தார்கள். தலைவி ஓர் அறிக்கையைப் படித்தார். பத்திரிகையாளர் ஒருவரையும் கூடவே அழைத்துப் போயிருந்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு பெண்களுக்கும் இடம் கட்டப்பட்டது.

கேட்கவே நமக்குக் கூச்சமாக இருக்கலாம். அவர்களுக்கும் கூச்சம் இருந்திருக்காதா? கேட்டுக் கேட்டுப் பயனில்லாமல் போன பிறகே அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்த வழியை நாம் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. 19 பேரும் ஒன்றாகப் போனார்கள் என்பதைப் பாருங்கள்.

பிறகு என்ன ஆனார்கள்? எர்ன்ஸ்ட் குழாய் பதிக்கும் தொழிலைக் கற்று, அதையே தம் பிழைப்பாக்கிக்கொண்டார். குளியலறை கேட்டவர் குளியலறை கட்டிக் கொடுப்பவரானார்! கில்டர் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், நால்வர் துடுப்பு வலிக்க ஒருவர் வழிநடத்தும் படகில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

2008ல் சியாட்டில் நகரின் பெண்கள் கூடைப்பந்து அணியான 'ஸ்டார்ம்' ஊரைவிட்டுப் போய்விடுமோ என்ற நிலை. அதன் உரிமையாளர்கள் ஓக்லஹோமாக்காரர்கள். ஆண்கள் அணியை அங்கே கொண்டுபோகத் துடித்தார்கள். அப்போது கில்டரும் வேறு மூன்று பெண்களும் சேர்ந்து, 1 கோடி டாலருக்குப் பெண்கள் அணியை வாங்கிச் சியாட்டிலிலேயே நிறுத்தினார்கள். அவர்கள் கையில் அணி 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 2024ல் அந்த அணி தனக்கென்றே ஒரு பயிற்சிக் கூடத்தைத் திறந்தது. ஈர உடையோடு காத்திருந்தவர், பெண்களுக்கென்று ஒரு கட்டடமே எழுப்பியவர்களில் ஒருவரானார்.

அவர் செல்வர் வீட்டுப் பெண்; அணியை வாங்கப் பணம் இருந்தது. நமக்கு இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கே கேட்காமல் குளியலறை வரவில்லை என்றால், கல் சுமக்கும் நமக்குக் கேட்காமல் வருமா?

நம் நாட்டிலும் சட்டம் எழுதாமல் இல்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம், மறைப்போடு கூடிய கழுவுமிடம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனாலும் இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்யும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அதை வெட்கம் என்று மறைக்கிறோம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமா, இடம் கட்டாதவர்களா?

ஒருத்தி தனியாகக் கேட்டால் வாய்க்கொழுப்பு என்பார்கள். மேஸ்திரி மறுநாள் வேலை இல்லை என்பார். எல்லோரும் சேர்ந்து, சட்டத்தைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலையிடத்தில் கழிப்பிடம் இல்லாதவர்கள் இன்றே சங்கத்தில் பெயர் கொடுங்கள். மனுவை நாங்கள் எழுதுகிறோம். எல்லோரும் சேர்ந்தே கொண்டுபோவோம்.