அந்த அறைக்கு வாடகை கொடுத்தது யார்?



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் நாம் கூடுகிறோமோ, அந்தத் தோழர் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர். துண்டறிக்கை, மனு நகல், கூட்ட அழைப்பிதழ் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தார். காலனியில் அவர் குடியிருந்த வீட்டை நினைவகமாக்க வேண்டும் என்று நம்மிடையே பேச்சு நடக்கிறது. அதற்கு உதவட்டும் என்றுதான், அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்த வீடுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில், அவருக்குக் கிடைக்காத ஒரு வீடு. 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசுப் பணியில் சேரப் போனார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். நண்பர்களைக் கேட்டார், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நமக்கு வீடு என்பது எப்போதுமே சாதியின் கேள்வி. இன்றும் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் நம் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே மனிதர் 1921-22இல் தங்கிப் படித்த வீடு லண்டனில் இருக்கிறது. பிரிம்ரோஸ் ஹில் பகுதி, கிங் ஹென்றி சாலை, 10ஆம் எண். 2015இல் மகாராஷ்டிர அரசு அதை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக மாற்ற உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். பின்னால் விண்ணப்பித்தபோது, கேம்டன் மன்றம் 2018இல் மறுத்தது. குடியிருப்பு இடம் குறைகிறது என்பது அது சொன்ன காரணம். கூட்டமும் சத்தமும் தொந்தரவு என்று அக்கம்பக்கத்தில் சிலர் முறையிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ரிப்பன் வெட்டுவதற்கு முன் காகித வேலை முடிந்திருக்க வேண்டும்; பட்டா, பயன்பாட்டு மாற்றம், அண்டை வீட்டாரின் சம்மதம் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது, நம் தலைவரின் நினைவிடம் என்பதற்காக எந்தத் தெருவும் தானாக வழிவிடாது. வாதாடித்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அந்த லண்டன் அறையைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அந்த அறைக்கு வாடகை கொடுத்தது யார்? பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து அவர் சேர்த்த பணம் அதில் உண்டு. கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி உண்டு. பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடன் உண்டு. எந்தக் கணக்கிலும் ஏறாத ஒன்றும் உண்டு. பம்பாய் பரேலில், பி.ஐ.டி. குடியிருப்பின் சிறு அறைகளில், ரமாபாய் குடும்பத்தை ஓட்டிய வறுமை. ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்தவர் அவர். லண்டனில் விளக்கு எரிந்தது பரேலில் அடுப்பு அணைந்த நாட்களின் செலவில். லண்டன் மேசையைக் காட்டுகிறவர்கள் பரேல் அடுப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அறிவு ஒரு மனிதரின் தனித்திறமை என்ற பொய்யை நாமே சுவரில் மாட்டியவர்கள் ஆவோம்.

தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில்தான் 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். இன்று அங்கே திறந்த புத்தக வடிவில் பெரிய நினைவகம் நிற்கிறது, 2018இல் திறந்தார்கள். அவர் வாழ்ந்த பழைய பங்களா இல்லை. மும்பை தாதரில் தன் புத்தகங்களுக்காகவே அவர் கட்டிய ராஜகிருகம் இருக்கிறது. அதன் கீழ்த்தளம் நினைவகம். 2020 ஜூலையில் அதன்மீது தாக்குதல் நடந்தது. வெறுப்பவர்களுக்கும் தெரிகிறது, வீடு ஒரு சாட்சி என்று.

நமக்கு மணிமண்டபம் கட்டிப் பழக்கம். அயோத்திதாசப் பண்டிதருக்கு 2023இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது, அது வேண்டியதுதான். ஆனால் மண்டபம் மரியாதை சொல்லும். வாழ்ந்த விதத்தை வீடுதான் சொல்லும். கதவின் உயரம், அடுப்படியின் கரி, தண்ணீருக்கு நடந்த தூரம், இவற்றைப் பளிங்கில் செதுக்க முடியாது.

ஆகவே, நம் தோழரின் வீட்டைத் தொடும் முன் சில உறுதிகள் எடுப்போம். முதல் வேலை வெள்ளையடிப்பதில்லை. இருக்கிறபடியே அளந்து படம் எடுப்பது. விரிசலை அடைக்கலாம், ஒழுகலை நிறுத்தலாம். மண்சுவரை இடித்து டைல்ஸ் ஒட்ட வேண்டாம். பழைய கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டால், அவர் படுத்த கட்டில் என்று எழுத வேண்டாம். அக்காலத்துக் கட்டில் என்றே எழுதுவோம். தகரப் பெட்டியைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், காகிதங்களைப் பிரதி எடுத்து மாணவர்கள் படிக்கக் கொடுப்போம். அந்த வீட்டில் யார் சமைத்தார்கள், யார் கூலிக்குப் போனார்கள், அவர் சிறையிலிருந்த மாதங்களில் யார் கடன் அடைத்தார்கள் என்பதை, சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்வோம்.

கடைசியாக ஒன்று. தோழரின் துணைவியார் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். நினைவகம் என்று சொல்லி அவரை வெளியேற்றினால், பரோடாவில் தடியோடு நின்றவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? முன்னறை ஊருக்கு, உள்ளறை அவருக்கு. திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதுவோம். அதற்கு அவர் சம்மதித்த பிறகு மற்ற வரிகளை எழுதுவோம்.

ஜெய்பீம்.